அருவி வைத்தியமும் பதினோராம் வகுப்பும்

சீசன் ஆரம்பித்துவிட்டது, குற்றாலத்துக்கு ஒரு நடை போய்வரலாமா என்று வீட்டில் பிள்ளைகள் கேட்கிறபோதெல்லாம் நான் பேச்சை மாற்றுவேன். முட்டி வலி, சளி என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துவிடுவேன். தென்காசிக்காரி அருவிக்குப் பயப்படுகிறாளே என்று மருமகன் கேலி செய்வார். செய்யட்டும். என் வயதொத்த உங்களுக்குச் சொன்னால் புரியும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., அதற்கப்புறம் காலேஜில் ஒரு வருஷம் பி.யூ.சி. என்று நாம் படித்த காலத்தின் பயம் நமக்குத்தானே தெரியும். இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால், "அப்ப கோச்சிங் எல்லாம் கிடையாதா?" என்று கேட்கிறார்கள்.

பள்ளிக்கூடம் ஜூனில் திறந்த முதல் நாளே இங்கிலீஷ் டீச்சர் எங்களைப் பிடித்து உலுக்கிவிட்டார். செங்கோட்டைக்காரர், பேச்சில் மலையாளம் லேசாக இழுக்கும். குடையை மேஜை மேல் வைத்துவிட்டு நின்றபடியே பேசினார்.

"இத்தனை நாளும் எல்லாத்தையும் தமிழ்ல படிச்சாச்சு. காலேஜுக்குப் போனா கணக்கு இங்கிலீஷ், சயின்ஸ் இங்கிலீஷ், சரித்திரமும் இங்கிலீஷ். புரொபசர் வருவார், பேசுவார், போவார். நீங்க முழிச்சிட்டு இருப்பீங்க. மனப்பாடம் பண்ணினா ஒண்ணும் வராது. செய்யுத வேலையை எல்லாம் இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டே செய்யணும். குளிக்கும்போதும், நடக்கும்போதும், சாப்பிடும்போதும். வாய் பழகணும், கேட்டேளா?"

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பரீட்சை முடிந்ததும் கல்யாணத்துக்குக் காத்திருந்தவர்கள். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைக் காலேஜுக்கு அனுப்புவதாக அப்பா தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். பாளையங்கோட்டையில், ஹாஸ்டலில் தங்கி. எங்கள் சொக்காரர், பங்காளி வீடுகளில் எந்தப் பெண்ணும் அதுவரை அப்படிப் போனதில்லை. அச்சன்புதூர் வயலையும் ஒரு ஜோடி மாட்டையும் தவிர வேறு பேச்சு அறியாத அப்பாவுக்கு எப்படி அந்தத் துணிச்சல் வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. வந்த துணிச்சல் எந்த நிமிஷமும் போய்விடும் என்ற பயத்திலேயே நான் இருந்தேன்.

வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள். நான் எடுத்திருந்தது சாதாரணக் கணக்கைவிடக் கடினமான காம்போசிட் மேத்ஸ். வாரக் கடைசியில் டெஸ்ட், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். டிசம்பரில் செலக்ஷன் பரீட்சை, அதில் தேறாதவர்களைப் பெரிய பரீட்சைக்கே அனுப்ப மாட்டார்கள். அம்மா அந்த வைகாசியில்தான் கடைசித் தம்பியைப் பெற்றிருந்தாள். நான் வீட்டுக்கு வந்ததும் தொட்டில் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, காலை ஆட்டியபடியே ஜாமெட்ரி போடுவேன். தம்பி சிணுங்கினால் கால் வேகமாகும். காம்பஸ் வழுக்கி வட்டம் கோழிமுட்டையாகிவிடும். தோசைக்கு அரைப்பது, கிணற்றில் இறைப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது எல்லாம் என் பங்கு. புத்தகத்தோடு தனியாக உட்கார எனக்கென்று இருந்தது விடியலுக்கு முந்தைய நேரம் ஒன்றுதான். அரிக்கேன் விளக்கு, பக்கத்தில் மைக்கூடு. அதன் மூடி எங்கோ தொலைந்துவிட்டதால் துணியை அடைத்திருப்பேன். மேற்கே மலையிலிருந்து சாரல் வந்து ஜன்னல் கம்பியில் முத்து முத்தாக நிற்கும். அந்த நேரத்தின் மை வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கின்றன.

டீச்சர் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கிணற்றடியில் நின்று, நான் தண்ணீர் இறைக்கிறேன், கயிறு நனைந்திருக்கிறது, வாளி கனக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இறைத்தேன். நான்கைந்து நாள் யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் திரும்பிப் பார்த்தால் அத்தை நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா. சிறு வயதிலேயே புருஷனை இழந்து எங்கள் வீட்டோடு வந்தவள். சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான்.

"ஏட்டி, யாருகிட்ட பேசுதே?"

"யாருகிட்டயும் இல்ல அத்தை. படிக்கேன்."

"படிக்கவ புஸ்தகத்தைப் பாத்துல்லா படிப்பா? கெணத்தைப் பாத்தா படிப்பா?"

திட்டினால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் திட்டவில்லை. முகம் வெளுத்துப்போய் என்னையே பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அவள் எதை நினைத்து அப்படிப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் சித்தப்பா இருந்தார். அப்பாவின் ஒரே தம்பி. யாருக்கும் தொந்தரவில்லாத மனிதர். வைத்ததைச் சாப்பிடுவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், பேச மாட்டார். அவர் கதையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம். பாளையங்கோட்டைக் காலேஜில் இண்டர்மீடியட் படிக்கப் போனவர், நான் பிறந்த புதிதில் லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது தானாகப் பேசத் தொடங்கிவிட்டார். மாட்டைப் பார்த்தும் பேச்சு, மரத்தைப் பார்த்தும் பேச்சு, எல்லாம் இங்கிலீஷ். படிப்பு மூளைக்கு ஏறிவிட்டது என்று அப்பாவும் அத்தையும் அந்தச் சீசன் முழுக்க அவரைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் அருவியில் நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்தில் சித்தம் கலங்கியவர்களுக்கு அதுதானே வைத்தியம்? மொட்டை அடித்து, எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, விடியலில் அருவிக்கு அடியில். அவர் திமிறினார், கத்தினார், அதனால் இன்னும் நெடுநேரம் நிறுத்தினார்கள். ஆடி முடிவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. வைத்தியம் பலித்துவிட்டது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். மறுபடி வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு சீசனிலும் அவரைக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா முற்றத்தில் நின்றிருந்தார். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, எல்லாம் அவன் ஆரம்பிச்ச மாதிரியேதான் இருக்கு. அதே இங்கிலீஷு, அதே முணுமுணுப்பு. பொம்பளப் பிள்ளை. வெளியில தெரிஞ்சா ஒருத்தன் நம்ம வாசலை மிதிக்க மாட்டான்."

அப்பா என்னைப் பார்க்காமல் மாட்டுத் தொழுவத்தைப் பார்த்துச் சொன்னார். "நாளையிலேருந்து இவளும் அருவிக்கு வரட்டும். சாரல் முடியுதவரைக்கும் பாப்போம். சரியாகலேன்னா ஸ்கூல்ல பேரை வெட்டிருவோம்."

நான் படிக்கத்தான் செய்தேன் என்று அழுதேன். இங்கிலீஷில் நினைத்துப் பழகுகிறேன் என்று அழுகையோடு அழுகையாகச் சொல்லிப் பார்த்தேன். நினைப்பைக்கூடவா இங்கிலீஷில் நினைப்பார்கள் என்று அம்மாவே மிரண்டு குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். என் தாய் என்னிடமிருந்து குழந்தையை மறைத்தாள்.

மறுநாளிலிருந்து என்னுடைய அந்த ஒரே நேரமும் போயிற்று. அரிக்கேன் விளக்கு இப்போது வில்வண்டிக்கு அடியில் தொங்கியது. விஷயம் வெளியே போய்விடக் கூடாது என்று வண்டிக்காரரை நிறுத்திவிட்டு அப்பாவே ஓட்டினார். ஏர் ஓட்டுவாரே தவிர வில்வண்டி ஓட்ட அவருக்கு அவ்வளவாக வராது. பள்ளம் பார்த்து இறக்குவார். உள்ளே வைக்கோலைப் பரப்பிச் சாக்குப் போட்டு அத்தையும் நானும். பின்பக்கம் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சித்தப்பா. இடி விழுந்து பிளந்துபோன கோயில் கோபுரத்தைத் தாண்டும்போது அத்தை இருட்டிலேயே கும்பிடுவாள். எனக்காகத்தான் கும்பிடுகிறாள் என்று தெரியும். கோபம்கூடப் பட முடியாது.

குற்றாலம் நெருங்க நெருங்கச் சத்தம் வரும். முதலில் காற்றுப் போல, பிறகு மழை போல, அப்புறம் வேறு எதுவுமே காதில் விழாது. நீங்கள் எல்லாரும் அந்தச் சத்தத்தை ஆசையாகக் கேட்டிருப்பீர்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு சாக்கில் முடங்கிக்கொள்வேன். பெண்கள் குளிக்கும் பக்கத்தில் அந்த வேளையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்த கூட்டம் இருக்காது. எங்களைப் போல வந்தவர்கள்தான் இருப்பார்கள். கையைப் பிடித்து நிறுத்தப்பட்டவர்கள். அத்தை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து என் உச்சியில் தேய்ப்பாள். சாறு வழிந்து கண் எரியும். பிறகு தோளைப் பிடித்துத் தள்ளுவாள். தண்ணீர் பிடரியில் குத்தும், மூச்சு நின்று நின்று வரும். அங்கேயும் என் வாய் சும்மா இருந்ததா என்றால் இல்லை. நான் அருவியில் நிற்கிறேன், தண்ணீர் தலையில் விழுகிறது, எனக்குப் பைத்தியம் இல்லை என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருந்தேன். நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை. அதுதான் பெரிய பயம். உண்மையிலேயே எனக்கு வந்துவிட்டதோ?

ஒருநாள் என் பக்கத்தில் ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், மொட்டைத் தலை. அவளுடைய அக்காமார் போல இருந்த இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தார்கள். தண்ணீரிலிருந்து வெளியே இழுத்தபோது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவளைப் பார்த்துச் சிரிப்போமே, அப்படி.

"மொட்டை போட்டா குளிரு தெரியாது. ஒனக்கு எப்பம் போடுதாவ?" என்றாள்.

வண்டியில் ஏறியும் பல் கிடுகிடுத்தது நிற்கவில்லை. குளிரினால்தான் என்று அத்தை கம்பளியைப் போர்த்தினாள்.

இப்போது யோசித்தால் சிரிப்புக்கூட வருகிறது. என்னைச் சரியாக்க அவர்கள் செய்த ஒவ்வொன்றும் என்னைக் கெடுத்தது. விடியலில் படிக்க முடியவில்லை. ஈரத் தலையோடு பள்ளிக்கூடம் போய் அல்ஜீப்ரா வகுப்பில் தூங்கி விழுந்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவள் கிள்ளி எழுப்பிக் கிள்ளி எழுப்பி அலுத்துப்போனாள். கணக்கு டெஸ்டில் முதன்முறையாகத் தோற்றேன். கணக்கு டீச்சர், "உனக்கு என்ன ஆச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு என்ன ஆச்சு என்று எனக்கே தெரிந்தால்தானே. அப்பாவுக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. தோற்றதற்கு அடி விழும் வீடுகளை நினைத்துப் பொறாமைப்பட்டேன். அடிக்கிறார்கள் என்றால் புத்தி இருக்கிறது என்று நம்புகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

அத்தை அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். "வெள்ளிக்கிழமை முடியை எடுத்துருவோம். கேட்டா கோயிலுக்கு நேர்ச்சைன்னு சொல்லிக்கிடலாம். சூடு முடியிலதான் நிக்கும்."

"மதினி, வயசுப் பிள்ளை" என்று அம்மா ஈனக்குரலில் சொன்னாள்.

"வயசுப் பிள்ளைன்னுதான் சொல்லுதேன். பின்கட்டுல இருக்கவனை மாதிரி மூலையில கெடக்கவா?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் சம்மதம் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மொட்டைத் தலையோடு நான் பள்ளிக்கூடம் போகப்போவதில்லை. பள்ளிக்கூடம் போகாவிட்டால் செலக்ஷன் இல்லை, பெரிய பரீட்சை இல்லை, பாளையங்கோட்டை இல்லை. பின்கட்டில் இன்னொரு அறை காலியாகத்தான் இருந்தது. அதில் நெல் மூட்டை போட்டிருந்தார்கள். மூட்டையை எடுத்துவிட்டால் ஒரு ஆள் இருக்கலாம் என்று நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை அத்தைக்குக் காய்ச்சல், வரவில்லை. அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேர்தான். என்னைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாததால், பெண்கள் பக்கத்தில் நானே போய் நின்றுவிட்டு நானே வந்தேன். ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றவில்லை பாருங்கள். பழகிவிட்டது. திரும்பும்போது வெளிச்சம் வந்திருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் மருத மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பலாப்பழம் ஏற்றிய வண்டி ஒன்று எதிரே வாசனையோடு போயிற்று. நான் வழக்கம்போல வாய்க்குள் ஆரம்பித்தேன். மரங்கள் நனைந்திருக்கின்றன, வண்டி மெதுவாகப் போகிறது.

எங்கள் வண்டியின் இடத்து மாடு காலை வைப்பது சரியாக இல்லை. அதையும் சொல்லப் பார்த்தேன். "த லெஃப்ட் புல்லக் இஸ்..." என்று வந்து நின்றுவிட்டது. நொண்டுவதற்கு எனக்கு வார்த்தை தெரியாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றேன்.

"லிம்ப்பிங்" என்றது ஒரு குரல்.

சித்தப்பா குரல். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். அவர் வாயிலிருந்து முழுசாக ஒரு வார்த்தையை நான் கேட்டது அன்றுதான். பைத்தியத்துக்குப் பைத்தியம் பதில் சொல்லிவிட்டது என்று நினைத்தேன், வேறென்ன நினைக்க? அப்பா மூக்கணாங்கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்திவிட்டார்.

"என்னடே சொன்னே?"

"அவளுக்கு வார்த்தை வரல. சொன்னேன்."

"என்ன வார்த்தை?"

"எடத்து மாடு நொண்டுதுல்லா. அதுக்கு இங்கிலீஷு. நீங்க பாக்கலியா?"

அப்பா கீழே குதித்தார். மாட்டின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். லாடம் ஒரு பக்கம் கழன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்துக் கையில் எடுத்தவர் நிமிரவே இல்லை. அப்படியே குனிந்தபடி கேட்டார்.

"அப்பம் இவ தெனமும் சொல்லுதது எல்லாம் இப்படித்தானா?"

"ஆமா. வண்டி போகுது, மரம் நிக்கி, மழை பெய்யுதுன்னு சொல்லுதா. காலேஜ்ல பேசணும்லா, அதுக்கு நாக்கைப் பழக்குதா. நானும் அன்னைக்கு அதுக்குத்தான் பேசினேன்."

அப்பா நிமிர்ந்தார். சாரல் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. மாடு காலை உதறியது.

"அப்பவே எங்கிட்ட இதைச் சொல்லக் கூடாதாடே?"

"சொன்னேம்ணே" என்றார் சித்தப்பா. கோபமில்லை, வருத்தமில்லை, நேற்று மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னார். "நீங்க பிடரியைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள நிறுத்தியிருந்திய. அருவிச் சத்தத்துல ஒங்களுக்குக் கேக்கல."

அதன் பிறகு அப்பா வண்டியில் ஏறவில்லை. மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தென்காசி வரைக்கும் நடந்தே வந்தார். லாடம் அவர் கையிலேயே இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் படுத்திருந்த அத்தையிடம், "நாளைக்கு ஒண்ணும் வேண்டாம். அவ படிக்கட்டும்" என்றார்.

"தலைக்கு ஏறிட்டுன்னா?" என்று அத்தை எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏறட்டும்."

அத்தையைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை. அப்பாவையும்தான். அவர்கள் பயந்தார்கள். பயந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் நான் செலக்ஷனில் தேறி, பாளையங்கோட்டைக்குப் போய், ஹாஸ்டல் வராந்தாவில் நடந்து நடந்து முணுமுணுத்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களையும் பார்த்தபோது, லீவுக்கு வீட்டுக்கு வராமல் அங்கேயே இருந்திருந்தால் சித்தப்பா என்ன ஆகியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை விடியலை. என்னுடைய நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்த முதல் நாள். விளக்கை ஏற்றி அல்ஜீப்ராவை விரித்து உட்கார்ந்திருந்தேன். யாராவது மனசு மாறி வந்து கூப்பிட்டுவிடுவார்களோ என்று காது முழுக்க வாசலில் இருந்தது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சித்தப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மாடு பூட்டாத வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அப்பா வெளியே வந்தார். "இனிப் போவேண்டாம்டே. ஒனக்கு ஒண்ணும் இல்ல. போய்ப் படு."

சித்தப்பா நகரவில்லை.

"போவலேன்னா காலையில நான் என்னண்ணே செய்ய?" என்று கேட்டார்.

அப்பா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்த் தனக்கும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். மாடு நொண்டிக்கொண்டிருந்ததால் அண்ணனும் தம்பியும் சாரலில் நடந்தே குற்றாலத்துக்குப் போனார்கள். தெரு முனை திரும்பும் வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் புத்தகத்துக்கு வந்து, வாய்விட்டுச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினேன். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் குரல்தான் வெகுநேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது.